பெட்டியில்லாப் படங்கள்

படம்பிடித்தல் என்றதும் ஒரு பெட்டியையும், அதன் முகப்பில் பதித்த வில்லையையும், பின்னே கறுப்புத் துணியால் தலையை மூடிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதரையும் மனத்திற் கொண்டுவருவது நமக்கு வழக்கமாகிவிட்டது. ஆயினும் ஒளியினால் உருவம் எழுதும் வித்தைக்குப் பெட்டி பிற்காலத்தில் வந்து சேர்ந்த துணையே. ஒளிபட்டால் நிறம் மாறும் இயல்புடைய ஒரு பூச்சும், அப்பூச்சின்மேல் வைக்கத்தக்க ஒரு பொருளும், மேலே சூரியனும் இருந்தால், அவ்வித்தைக்கு வேண்டியவை முற்றும் அமைந்துவிட்டன. யாழ்ப்பாணக் குடாநாட்டில், மணமக்களும் மூத்தோரும் பட்டம்பெற்ற பிள்ளைகளும் ஸ்ரூடியோவிற்குச் சென்று பெட்டியின் முன் நின்று எடுப்பித்த படங்களே கண்ணாடிச் சட்டத்துள் அமர்ந்து வீட்டுச் சுவர்களில் ஏறின. ஆனால் காணிக்கு எல்லை எது, எலும்பு முறிந்த இடம் எது என்று ஐயம் எழுந்தபோது, சாட்சியாக வந்து நின்ற படங்கள் வேறு வகையின. அவை வில்லையின் வழியாக நுழைந்து சிறுத்துப் போகாமல், பொருளை நேரே தொட்டோ அதன் நிழலை நேரே ஏந்தியோ பிறந்தவை. அலங்காரத்திற்குப் பெட்டியையும் ஆதாரத்திற்குப் பெட்டியில்லாப் படத்தையும் நாடிய இந்தச் சமூகத்தின் வழக்கம் எவ்வாறு உண்டாயிற்று என்பதைச் சற்றே விசாரித்துப் பார்ப்போம்.

சூரியனைத் தொழிலாளியாகக் கொண்டு நிறத்தோடு பழகுவது இந்நிலத்திற்குப் புதியதன்று. குடாநாட்டிலும் அதனையடுத்த தீவுகளிலும் மன்னாரிலும், மணற்பாங்கான தரைகளில் தானே முளைக்கும் இம்பூறல் என்னும் சிறு பூண்டின் வேரையே சாயவேர் என்பர். அந்த வேரை அகழ்ந்தெடுப்பதற்கென்றே ஒரு குலத்தார் கடமைப்பட்டிருந்தனர். ஒல்லாந்தர் ஆட்சியில் யானை, சங்கு, பனைப்பொருள்கள் ஆகியவற்றோடு சாயவேரும் யாழ்ப்பாணத்து வருவாய்க்கு ஒரு துறையாக எண்ணப்பட்டு, கம்பனியாரின் தனியுரிமைக்குள் அடங்கியிருந்தது. இவ்வேரினால் துணிக்குச் செந்நிறம் ஊட்டும் முறையில் ஒரு விசித்திரம் உண்டு. சாயக்காரர் கடுக்காய் நீரில் நனைத்து உலர்த்திய துணியின்மேல் முதலில் எழுதுவது சாயத்தையன்று, படிகாரக் கரைசலை; அவ்வாறு எழுதிய கோலம் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரிவதில்லை. துணியைச் சாயவேரோடு சேர்த்துக் கொதிக்கவைத்த பின்னரே, படிகாரம் பட்ட இடங்கள் சிவந்து தோன்றும். படாத இடங்களிற் படிந்த கலங்கல் நிறத்தை, பலமுறை அலசி வெயிலிற் பரப்பி வெளுத்துப் போக்குவார்கள். மறைந்து நிற்கும் உருவத்தைப் பின்னொரு நீராட்டினால் வெளிப்படுத்துவதும், வேண்டாத நிறத்தைக் கழுவி வேண்டியதை நிலைநிறுத்துவதும் பிற்காலத்து ஒளிப்பட வித்தையின் இரண்டு பெரும் படிகளாயின என்பதை நினைக்கும்போது, கடற்கரை மணலில் துணி உலர்த்திய அந்தத் தொழிலாளரைப் பெட்டியில்லாப் படங்களின் சரித்திரத்திற்கு வெளியே நிறுத்த மனம் வருவதில்லை.

ஒளியே நேரில் எழுதிய எழுத்து, நாமறிந்தவரை, ஐரோப்பாவில் ஒரு கண்ணாடிப் புட்டியின்மேல் தோன்றியது. 1717ஆம் ஆண்டளவில் ஜோகான் ஹைன்ரிக் ஷூல்ட்சே என்னும் ஜெர்மானிய மருத்துவப் பேராசிரியர், வெள்ளி கலந்திருந்த அமிலத்தைச் சுண்ணத்தோடு சேர்த்து வைத்தபோது, வெயில்பட்ட பக்கம் மட்டும் கறுத்திருக்கக் கண்டார். அதற்குக் காரணம் வெப்பமா ஒளியா என்று அறிய அதனைத் தீயில் வாட்டிப் பார்த்து, வெப்பமன்று என்று தெளிந்தபின், தாளில் எழுத்துகளை வெட்டிப் புட்டியின்மேல் ஒட்டி வெயிலில் வைத்தார். வெட்டிய வழியே புகுந்த ஒளி உள்ளிருந்த சுண்ணத்தில் அவ்வெழுத்துகளைக் கறுப்பாக எழுதிக் காட்டியது. புட்டியைக் குலுக்கினால் எழுத்து அழிந்துபோகும். 1802இல் தாமஸ் வெட்ஜ்வுட் என்பவரும், பெரும் இரசாயன அறிஞரான ஹம்ப்ரி டேவியும், வெள்ளி நைத்திரேற்றுப் பூசிய தாளிலும் தோலிலும் இலைகளையும் பூச்சிச் சிறகுகளையும் கிடத்தி அவற்றின் வடிவங்களைப் பெற்றனர். எனினும் அவற்றை நிலைநிறுத்தும் உபாயம் அறியாமையால், தாம் பெற்ற படங்களை விளக்கொளியில் ஒளித்துப் பார்க்கவேண்டியவர்களாயினர். 1834 முதல் இம்முயற்சியில் ஈடுபட்ட ஹென்றி ஃபொக்ஸ் டால்பட், உப்புநீரில் நனைத்த தாளில் வெள்ளிக் கரைசலைப் பூசி, பன்னங்களையும் சரிகைப் பின்னல்களையும் அதன்மேல் வைத்து வெயில்காட்டி, மிகுந்த உப்பினாலேயே படத்தை ஓரளவு நிலைக்கச் செய்து, 1839 ஜனவரியில் அம்முறையை உலகறியச் செய்தார். டாகர் என்பவர் பெட்டியில் எடுத்த படங்கள் பாரிஸில் அறிவிக்கப்பட்டதும் அதே மாதத்திலேயாம்; இரண்டு வழிகளும் ஒருங்கே உலகிற்கு வந்தன.

வெள்ளியின் விலையும் இருட்டறையின் தொல்லையும் இன்றிச் சாதாரண மனிதரும் கையாளத்தக்க முறையொன்றைத் தந்தவர் ஜோன் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞர். 1842இல் அவர் கண்ட வழியில் வெள்ளிக்குப் பதிலாக இரும்பின் உப்புகளே தொழில் செய்கின்றன. அமோனியம் பெரிக்குச் சித்திரேற்றையும் பொற்றாசியம் பெரிசயனைட்டையும் நீரிற் கரைத்துக் கலந்து, தாளிற் பூசி இருளில் உலர்த்தினால், வெளிர்ப் பச்சையும் மஞ்சளுமான ஒரு நிறம் நிற்கும். அதனைப் பொருளோடு சேர்த்து வெயிலில் வைத்தால், ஒளிபட்ட இடத்து இரும்பு மாறுதலடைந்து கரையாத நீலமாகப் படியும். பின்னர் வெறும் நீரில் அலசினால், ஒளிபடாத இடத்துப் பூச்சுக் கரைந்தோடி வெள்ளையாகிவிடும். நீரும் வெயிலும் அன்றி வேறொரு மருந்தும் இறுதியில் வேண்டுவதில்லை.

இந்நீலப் பிரதியின் முதற்பெரும் பயனை உலகிற்குக் காட்டியவர் ஒரு பெண்மணி. அன்னா அட்கின்ஸ், 1843 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பிரித்தானியக் கடற்பாசிகள் பற்றிய நூலில், படங்களை மட்டுமன்றி எழுத்துகளையும் நீலப் பிரதியாகவே பதித்தார். ஒளிப்படங்கள் கொண்டு வெளிவந்த முதல் நூல் என்ற கீர்த்தி அதற்கே உரியது. படங்களின்றி 1841இல் வெளிவந்திருந்த வில்லியம் ஹென்றி ஹார்வி என்பவரின் கடற்பாசிக் கைந்நூலுக்கு ஒரு துணையாகவே அம்மையார் இந்த நூலைத் தொடங்கினார். அந்த ஹார்வி 1853இல் இலங்கைக்கு வந்து சில மாதங்கள் தங்கி, இக்கரைகளின் பாசிகளைச் சேகரித்துச் சென்றார் என்பது நம்மவர் கவனிக்கத்தக்கது. கஞ்சி காய்ச்சவும் களி செய்யவும் உதவுகின்றதும், அக்காலத்து ஆங்கில வணிக நூல்கள் இலங்கைப் பாசி என்றும் யாழ்ப்பாணப் பாசி என்றும் குறித்ததுமான கடற்பூண்டு நம்முடைய களப்புகளிலும் விளைவதே. அட்கின்ஸ் அம்மையார் தம் தோழி அன் டிக்சனோடு சேர்ந்து பின்னர் அமைத்த பன்னங்களின் தொகுப்பிலே, இலங்கை என்று பெயர் எழுதிய பன்னப் படமும் உள்ளது. இத்தீவின் செடியொன்று, வரைவோர் கைபடாமல், தன் உடலினாலேயே தன் உருவை நீலத்தில் எழுதிய பழைய சாட்சியங்களுள் அது ஒன்றாகும்.

இலங்கையோடு இவ்வித்தைக்குள்ள உறவு இன்னொரு குடும்பத்தின் வாயிலாகவும் வருகின்றது. ஜூலியா மார்கரெட் கமரன் தம் வாழ்நாளின் இறுதிக் காலத்தை 1875 முதல் இலங்கையிற் கழித்து, 1879இல் இங்கேயே உயிர்நீத்தவர். அவருக்குப் பெட்டியொன்று பரிசாகக் கிடைத்தது 1863ஆம் ஆண்டின் முடிவிலேயே. அதற்கு முன்னரே, பிறர் எடுத்த எதிர்ப்படத்தைச் சுற்றிப் பன்ன இலைகளை வைத்து வெயிலிற் பதித்து, நடுவிலே பெண்ணொருத்தியின் முகமும் ஓரங்களில் இலைகளின் வெண்ணிழலும் பொருந்திய படத்தை அவர் ஆக்கியிருந்தார். பெட்டிக்கலையின் பேராசிரியையாகப் போற்றப்படுபவர் பெட்டியில்லாக் கலையிலேயே முதலிற் கைபழகினார். அவருடைய கணவரான சார்ள்ஸ் ஹே கமரனே, கோல்புறூக் என்பவரோடு இத்தீவிற்கு அனுப்பப்பட்ட விசாரணை ஆணையத்தில் நீதித்துறையை ஆராய்ந்தவர். அவருடைய சிபாரிசுகளின் பயனாக 1833இல் வந்த நீதிப் பட்டயம் தீவெங்கும் மாவட்ட நீதிமன்றங்களை நிறுவிற்று. யாழ்ப்பாணத்து மாவட்ட நீதிமன்றத்திலே காணி வழக்குகள் பெருகிப் பெருகி, நீலப் பிரதியை ஆதாரமாகக் கேட்கும் ஒரு காலம் வரப்போகின்றது என்பதை அத்தம்பதிகள் எண்ணியிருத்தல் இயலாது.

இப்படங்களுக்கு அடிப்படையான இரசாயனம் யாழ்ப்பாணத் தமிழர்க்கு அந்நிய மொழியில் மட்டும் வந்து சேர்ந்த விஷயமன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1848 முதல் மானிப்பாயில் வைத்தியமும் வைத்தியக் கல்வியும் நடத்தி, தம் மாணவர் துணைகொண்டு மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி வந்த வரிசையில், 1875இல் கெமிஸ்தம் என்ற பெயரோடு இரசாயன நூலொன்றும் வெளியாயிற்று. உப்புகளும் அமிலங்களும் ஒன்றோடொன்று கூடிப் பிரியும் நியாயத்தைத் தமிழிலேயே கற்கும் வாய்ப்பு இக்குடாநாட்டிற்கு அவ்வளவு முற்பட்டே கிடைத்தது.

பெட்டியோடு கூடிய ஸ்ரூடியோக்களிலும் பெட்டியின் வேலை பாதியிலேயே முடிந்துவிடும் என்பதையும் இங்கே சொல்லியாகவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கிய முட்டைவெண்கருத் தாளில், கண்ணாடி எதிர்ப்படத்தை நேரே அழுத்திவைத்து, மரச்சட்டத்திற் பூட்டி, சிலவேளை மணிக்கணக்காக வெயிலிற் காயவைத்தே படம் பெறப்பட்டது. சட்டத்தின் பின்கதவின் ஒரு பாதியைத் திறந்து, நிறம் போதிய அளவு ஏறிற்றா என்று பார்ப்பார்கள். எதிர்ப்படத்தின் அளவு எதுவோ, அதுவே படத்தின் அளவு. ஆகவே சுவரில் தொங்கும் பாட்டனாரின் பழைய படமொன்று, பெட்டிக்குள் கழித்த சில விநாடிகளாலும் பெட்டிக்கு வெளியே தொட்டுக் கிடந்த நெடுநேரத்தாலும் ஆனது. மின்விளக்கும் உருப்பெருக்கும் கருவியும் வந்த பின்னரே இரண்டாம் பாதியும் இருட்டறைக்குள் அடைந்தது.

ஆயினும் தொட்டெடுக்கும் படத்தின் உண்மையான அரசாட்சி நடந்தது காணி விஷயத்திலேயாம். யாழ்ப்பாணத்தில் நிலத்தைப் பரப்பென்றும் குழியென்றும் அளப்பது வழக்கு. 18 குழி கொண்டது ஒரு பரப்பு, 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். ஒரு குழி நிலமென்பது ஒரு சிறு அறையின் பரப்பளவினும் அதிகமன்று. அத்தனை நுணுக்கமான அலகொன்றை ஒரு சமூகம் நாள்தோறும் வழங்கியது என்றால், அங்கே நிலம் எவ்வளவு அரிதாயிருந்தது என்பதும், அதுபற்றிய மனக்கிலேசம் எவ்வளவு கூரியதாயிருந்தது என்பதும் தாமே விளங்கும். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரியால் தொகுக்கப்பட்டு, தமிழ் முதலியார்களால் சரிபார்க்கப்பட்ட தேசவழமைச் சட்டம், முதுசமென்றும் சீதனமென்றும் தேடியதேட்டமென்றும் ஆஸ்தியை வகுத்தது. பெண்பிள்ளைகளுக்கெல்லாம் சீதனமாகக் காணி எழுதுவதால், தலைமுறைக்குத் தலைமுறை துண்டுகள் சிறுத்தன. வளவு ஒருவருக்கும், அதிலுள்ள கிணற்றிற் பங்கு மற்றவருக்கும், கிணற்றுக்குச் செல்லும் வழிவாய்க்கால் இன்னொருவருக்குமாக உரித்துகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. ஒல்லாந்தர் வைத்த தோம்பு என்னும் நிலப் பதிவேடுகளில் நிலத்தின் பெயரும் உடையவர் பெயரும் இருந்தன. நொத்தாரிசு எழுதிய உறுதிகளில், கிழக்கே இன்னார், வடக்கே வீதி என்று நாற்றிசை எல்லைகளும் சொற்களாகவே இருந்தன. அயலவர் இறந்தோ விற்றோ போனால் அச்சொற்கள் பொருளற்றுப்போகும். எல்லையாக நின்றவையோ கிளுவையும் பூவரசும் முருங்கையுமான கதியால்கள். அவை வேர்விட்டு வளரும், பட்டுப்போகும், வருடந்தோறும் வேலி அடைக்கும்போது ஒரு சாண் இப்புறமோ அப்புறமோ நகரவும் செய்யும். அந்த ஒரு சாணுக்காக நடந்த வழக்குகளிற் காணியின் விலையினும் மிகுந்த பணம் கரைந்த கதைகள் இந்நாட்டிற் பலரும் அறிந்தவை.

பங்குபிரிப்பதற்கென 1863இல் ஒரு கட்டளைச் சட்டமும், 1951இல் அதனிலும் விரிவான சட்டமொன்றும், 1977இல் மற்றொன்றும் வந்தன. வழக்கு நீதிமன்றத்தை அடைந்ததும், ஆணை பெற்ற அளவையாளர் காணிக்குச் சென்று, சங்கிலியிட்டு அளந்து, மரங்களையும் கிணற்றையும் வேலிகளையும் குறித்து, ஒளி ஊடுருவும் மெல்லிய துணியிலோ தாளிலோ கறுப்பு மையினால் படம் வரைவார். மூலப்படம் ஒன்றே, வேண்டுவதோ பல. நீதிமன்றத்திற்கு ஒன்று, கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, பின்னர் உறுதியோடு இணைப்பதற்கு ஒன்று. ஹெர்ஷலின் கண்டுபிடிப்பு, 1870களில் வணிகத்திற்கு வந்த பூச்சுத்தாளாகி, உலகமெங்கும் பொறியியலாளரும் அளவையாளரும் கையாளும் சாதனமாயிருந்ததால், அந்தத் தேவையை நிறைவேற்ற அது ஆயத்தமாக நின்றது. 1800இல் நிறுவப்பட்ட இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் தொழிலும், 1905இல் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைத்த இருப்புப்பாதை போன்ற பெருவேலைகளின் காலமும் நீலப் பிரதியின் காலத்தோடு ஒன்றிச் செல்கின்றன. மூலத்துணியைப் பூச்சுத்தாளின்மேற் கிடத்தி, கண்ணாடிச் சட்டத்திற் பூட்டி வெயிலில் நிறுத்தினால், மைக்கோடு படிந்த இடத்தில் ஒளி தடைப்பட்டு வெள்ளையாகவும், வெற்றிடம் நீலமாகவும் வெளிப்படும். புளூபிரிண்ட் என்று நம்மவர் நாவிலும் அது நிலைத்துவிட்டது.

அளவையாளர் ஏன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தம் மூலப்படத்தைப் படம்பிடித்துப் பிரதி செய்யவில்லை என்று கேட்டால், அதற்குரிய விடையிலேயே இவ்வித்தையின் தத்துவம் அடங்கியிருக்கின்றது. பெட்டி, தூரத்திலுள்ளதைச் சிறிதாக்குகின்றது. சாய்ந்து நின்றால் சதுரத்தையும் சரிவகமாக்குகின்றது. வில்லையின் ஓரத்தில் நேர்கோட்டையும் சற்று வளைக்கின்றது. அது காட்டுவது சாயல். தொட்டெடுத்த பிரதியோ மூலத்தோடு அளவில் ஒத்தது. அளவுகோலை அதன்மேல் வைத்துக் கோட்டின் நீளத்தை அறியலாம். ஒரு முகத்தை அடையாளம் காணச் சாயல் போதும். ஒரு குழி நிலத்தைத் தீர்க்க அளவு வேண்டும். அதனாலேயே நீதிபதியின் மேசைக்குப் பெட்டிப் படம் செல்லாமல் பெட்டியில்லாப் படம் சென்றது. இதிலும் ஒரு குறையுண்டு: நீரில் நனைந்து உலரும் தாள் சிறிது சுருங்குவதனால், நீலப் பிரதியின் அளவும் மயிரிழை பிறழும். அதை அறிந்த அளவையாளர், ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் இலக்கத்திலே எழுதிவைத்தனர். கோடு தவறினாலும் இலக்கம் தவறாது. பிற்காலத்தில் அமோனியா ஆவியினால் உலர்நிலையிலேயே வெளிப்படுத்தும் பிரதிமுறை வந்து, வெள்ளைத் தாளில் கருநீலக் கோடுகளைத் தந்து, நீலப் பிரதியின் இடத்தைப் பெரும்பாலும் கைப்பற்றிக்கொண்டதற்கு இச்சுருக்கத்தைத் தவிர்த்ததும் ஒரு காரணமாகும்.

காணிக்கு அடுத்தபடியாக உடலுக்கும் இத்தகைய படம் வேண்டியதாயிற்று. 1895 நவம்பரில் வில்ஹெல்ம் ரொண்ட்ஜன் கண்ட கதிர்கள் பெட்டியின் கண்ணாடி வில்லையால் வளைக்கப்படுவனவல்ல. எனவே எக்ஸ்றேப் படத்திற்குப் பெட்டியென்பதே பொருந்தாது. கையையோ காலையோ படத்தகட்டின்மேல் வைக்க, கதிர் ஊடுருவிச் சென்று எலும்பின் நிழலைத் தகட்டில் விழுத்துகின்றது. டால்பட்டின் தாளிற் பன்னம் கிடந்தது போலவே உடலுறுப்புக் கிடக்கின்றது. அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் டைக்கின் முயற்சியால் 1850இல் தோன்றி, 1907இல் அரசாங்கத்தின் வசமாகி, இன்று போதனா வைத்தியசாலையாக விளங்கும் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியிலும், கிறீன் வைத்தியரின் நினைவாக நிற்கும் மானிப்பாய் ஆஸ்பத்திரியிலும், இப்படங்கள் நோய் தீர்க்கும் முறையின் ஓர் அங்கமாயின. முறிவு நெறிவு வைத்தியர் என்று நம்மூர்களில் மதிக்கப்படுவோர், விரல்களால் தடவியே எலும்பு பிசகிய இடத்தை அறிந்து, பத்தும் புக்கையும் வைத்துக் கட்டும் பரம்பரையைச் சேர்ந்தவர்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்து, அதனைக் கையிற் சுருட்டிக்கொண்டு முறிவு வைத்தியரின் திண்ணைக்கு வருவது நோயாளர் பலரின் வழக்கமாயிற்று. வைத்தியர் அதனை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துவிட்டுத் தம் விரல்களால் மீளவும் சோதிப்பார். ஒன்று கதிரினால் அறிந்தது, மற்றது கையினால் அறிந்தது. இரண்டும் தொட்டறிந்தவையாதலால் ஒன்றையொன்று மறுக்கவேண்டிய அவசியம் எழவில்லை.

கல்லெழுத்து ஆராய்ச்சியும் இவ்வழியிலேயே நடந்தது. ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து, பள்ளங்களில் தாள் அமிழ்ந்தபின் மை ஒற்றி எடுக்கும் மைப்படியில் ஒளிக்கு வேலையில்லை. ஆயினும் அளவு மாறாத, பொருளைத் தொட்ட சாட்சி என்ற முறையில் அது நீலப் பிரதிக்கு மூத்த உறவு. முதலாம் பராக்கிரமபாகுவின் பெயரால் நயினாதீவிற் பொறிக்கப்பட்டிருக்கும் தமிழ்ச் சாசனத்தைப் பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் மரக்கலங்கள் உடைந்தால், யானை குதிரை கொணர்ந்த கலத்தில் நாலில் ஒரு பங்கும், வாணிபச் சரக்குக் கொணர்ந்த கலத்தில் பாதியும் அரசனுக்குரியன என்பது அதன் விதி. பங்கு எவ்வளவு என்பதைக் கல்லிலே வெட்டிவைக்கும் கரிசனம், குழிக்கணக்கில் உறுதி எழுதிய பிற்காலத்தாரின் கரிசனத்தோடு வெகு தூரம் விலகியதன்று.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடதாசிகளின் மதிப்பு வேறொரு விதமாக வெளிப்பட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறக்குறைய 97,000 நூல்களோடு, பிரதியேயில்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. நூலகத்தின் பேரிழப்பை ஈடுசெய்ய முடியாமற் போனதற்கு, ஒரே பிரதியாக ஓரிடத்தில் இருந்தவை பல என்பதே காரணம். காணிப் படங்களோ, அளவையாளரிடத்தும் நீதிமன்றத்திலும் உடையவரின் பெட்டகத்திலுமாகச் சிதறி வாழ்ந்தன. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995 அக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதிலுமிருந்தும் மக்கள் போரினால் எழுந்து நடந்தபோது, நகையோடும் அடையாள அட்டையோடும் உறுதிகளையும் படங்களையும் கட்டி எடுத்துச் சென்றவர் அநேகர். 1990இல் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின் திரும்பிவந்தோர் கண்டது, வேலியும் கதியாலும் வீடும் அற்று, பற்றை மண்டிய வெறுநிலம். எல்லைக்குச் சாட்சி சொல்லத்தக்க மரமும் அயலாரும் இல்லாத அவ்விடத்தில், மடிப்பிற் கிழிந்த ஒரு பழைய பிரதியே பேசவேண்டியதாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட முற்றுப்பெறாத தோம்பு என்னும் நூல் இந்நிலையிலிருந்தே பிறந்தது. இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களையும், அவற்றைக் கட்டடக் கலைஞரின் முறையில் அளவொழுங்கோடு மீள வரைந்த படங்களையும், தம் ஓவியங்களையும் அவர் அதில் அடுத்தடுத்து வைத்தார். ஆட்சியாளர் தோம்பு நிலத்தை எழுதியது. இத்தோம்பு நிலம் பறிபோனவர்களை எழுதுகின்றது.

இப்பொழுது எல்லாம் போட்டோக்கொப்பியாலும் ஸ்கேனராலும் நடைபெறுகின்றன. 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தாரின் பணியில், கண்ணாடித் தட்டின்மேல் தாளைக் கவிழ்த்து, கீழே ஒளி நகர்ந்து செல்லப் படம் பெறும் ஸ்கேனருக்கும் பெரும் பங்குண்டு. தாள் கண்ணாடியைத் தொட, அளவு மாறாத பிரதி எழுகின்றது. சாதனம் மாறியபோதும் தொட்டெடுத்தல் மாறவில்லை. ஆனால் புதிய பிரதி கிடைத்துவிட்டது என்று பழைய நீலத்தாளை எறிந்துவிடுவது பேதைமை. அதன் இயல்பை அறிந்தால் காப்பதும் எளிது. அந்நீலம் காரத்திற்கு அஞ்சும். சுண்ணாம்புக் கல்லின்மேல் நிற்கும் இக்குடாநாட்டுக் கிணற்றுநீர் சாயவேரின் சிவப்பைத் துலக்குவதற்கு எவ்வளவு உதவியதோ, அவ்வளவுக்கு நீலத்தை வெளிறச் செய்யக்கூடியது. எனவே அத்தாளை நீரால் துடைத்தல் ஆகாது. சுண்ணாம்பு பூசிய சுவரோடு சார்த்துதலும், காரமூட்டிய காப்பக அட்டைக்குள் வைத்தலும் ஆகா. வெயிலில் மங்கிய நீலம் சில காலம் இருளில் வைத்தால் தானே ஓரளவு மீளும் குணமும் அதற்குண்டு. அதனால் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டுவதினும் இருண்ட இழுப்பறையில் விரித்து வைப்பதே நன்று.

யாழ்ப்பாணத்தின் படச் சரித்திரம் எழுதப்படுமாயின், அதனை ஸ்ரூடியோக்களின் பெயர்வரிசையோடு முடித்துவிடுதல் பொருந்தாது. அளவையாளரின் மூலத்துணிகள், நொத்தாரிசின் கட்டுகள், நீதிமன்றத்துப் பங்குப் படங்கள், ஆஸ்பத்திரியின் எலும்புப் படங்கள், ஆராய்ச்சியாளரின் மைப்படிகள் ஆகியவற்றை ஒருவரும் கலையென்று கருதி ஆக்கவில்லை. ஆக்கியவர் பெயரும் பலவற்றில் இல்லை. எனினும் இம்மக்கள் தம் நிலத்தையும் உடலையும் பழமையையும் பற்றி உறுதியாக ஏதேனும் அறிய விரும்பியபோதெல்லாம் நாடியது அவற்றையே. நூல்களுக்காகக் காப்பகம் அமைக்கும் முயற்சி, இத்தாள்களுக்கும் ஓர் அறை ஒதுக்குமாயின், பரப்பும் குழியுமாக வாழ்ந்த ஒரு சமூகத்தின் வரலாற்றை அதன் சொந்த அளவிலேயே, சிறுக்காமலும் பெருக்காமலும், வருங்காலத்தார் படிக்க இயலும்.